ஆடி மாத வாசிப்பு: மாயம், விஞ்ஞானம், மர்மம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பெங்களூரில் வசிக்கும் தமிழ் வாசகர்கள் சிலர் ஆடி மாதம் முழுக்க மூன்றே வகைக் கதைகளைப் படிக்கிறோம்: மாயக்கதை, அறிவியல் புனைகதை, துப்பறியும் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, படித்ததைப் பற்றிப் பேசுகிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

ஏன் ஆடி?

ஆடியில் முகூர்த்தம் இல்லை, அவ்வளவுதான். மற்ற மாதங்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் பிடித்து, சேலத்திலோ திருநெல்வேலியிலோ ஒரு கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு, திங்கட்கிழமை விடியும்போது சில்க் போர்டு நெரிசலில் வந்து நிற்பதுதான் இங்கே பலருடைய வாரக்கடைசி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை அந்த ஓட்டம் நின்றுவிடும். சாயங்காலமானால் தூறல் வேறு. ஆடி வெள்ளிக்குக் கோயில், பதினெட்டாம் பெருக்குக்குச் சித்ரான்னம், மிச்ச நேரம் புத்தகம்.

எத்தனை புத்தகம் முடிக்க வேண்டும்?

எண்ணிக்கை கேட்பதில்லை. வகைக்கு ஒன்றைத் தொட்டால் போதும். ஒரு சிறுகதை படித்திருந்தாலும் தொட்டதாகத்தான் கணக்கு. ஒரு மாத நாவலோடு வைட்ஃபீல்டில் மெட்ரோ ஏறினால் கெங்கேரி வருவதற்குள் முக்கால்வாசி முடிந்திருக்கும். ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ மாதிரி தடித்த நாவல் ஒன்றை எடுத்தவர் ஆவணி தாண்டிப் புரட்டாசியிலும் அதையேதான் சுமந்துகொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே மரியாதை.

துப்பறியும் கதைக்கும் மந்திரவாதிக் கதைக்கும் என்ன சம்பந்தம்? ஏன் மூன்றையும் ஒன்றாகக் கட்டுகிறீர்கள்?

வாடகை நூல் நிலையக்காரர் எப்போதோ கட்டிவிட்டார். ‘இலக்கியம்’ ஒரு பக்கம் தூசி படிந்து கிடக்கும். பேய், கொலை, ரோபோ எல்லாம் இன்னொரு பக்கம் அட்டை கிழிந்து கிடக்கும். அந்தக் கிழிந்த அட்டைப் பக்கம்தான் நம்முடையது.

எழுதியவர்களும் வேலி போட்டுக்கொண்டு எழுதவில்லை. சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தை எந்த வகையில் சேர்ப்பீர்கள்? இரவில் தெரியும் உருவம் பேயா, விஞ்ஞானமா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் முட்டிக்கொள்கிறார்கள். கொலை விசாரணையும் நடக்கிறது. எந்த வகையிலிருந்து ஆரம்பிப்பது என்று குழம்புகிறவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்றையும் ஒரே மாதத்தில் படித்தால்தான் தமிழில் இவை எவ்வளவு ஏற்றத்தாழ்வோடு வளர்ந்திருக்கின்றன என்பது கண்ணில் படும். துப்பறியும் கதை மலையாகக் குவிந்திருக்கிறது. அறிவியல் புனைகதை கைப்பிடி அளவு. மாயக்கதை நிறையவே இருக்கிறது, ஆனால் வேறு அலமாரிகளில். ஏன் இப்படி என்பதைத்தான் நாங்கள் வருடா வருடம் பேசித் தீர்க்கப் பார்க்கிறோம்.

தமிழ்த் துப்பறியும் கதைகளில் எங்கிருந்து தொடங்கலாம்?

காலவரிசைப்படி படிக்க நினைத்தால் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பா’ளில் (1908) தொடங்க வேண்டும். அதில் துப்பறியும் கோவிந்தன் வருகிறார். அடுத்து ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். மேலைநாட்டு நாவல்களின் தழுவல் வாசனை இவர்களிடம் தூக்கலாக இருக்கும். ஆனால் வடுவூராரின் ‘கும்பகோணம் வக்கீல்’ போன்றவற்றில் நடமாடும் ஆட்கள் அசல் தஞ்சாவூர்க்காரர்கள். வாக்கியங்கள் மட்டும் மூச்சு முட்டும் அளவுக்கு நீளம். அதனால் முதல் புத்தகமாக இவரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. ஆனந்த விகடனில் 1940களில் வந்தது. வங்கி குமாஸ்தா வேலையைப் பறிகொடுத்த ஓர் அசடு, உளறியும் தடுக்கி விழுந்தும் குற்றவாளிகளைப் பிடித்துவிடுகிறான். ஊரோ அவனை மேதை என்கிறது. ஒவ்வொரு கதையும் தனித்தனி, ஓர் உட்காரலில் முடியும். துப்பறியும் கதையின் எலும்புக்கூடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைக் கேலி செய்யும் கதையைவிட நல்ல வழி இல்லை என்பது என் கட்சி.

அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால், தேநீரும் கையுமாக. அதற்குப் பிறகு சுஜாதாவின் ‘நைலான் கயிறு’, 1968இல் குமுதத்தில் வந்த தொடர். வக்கீல் கணேஷ் அறிமுகமாவது இதில்தான், அப்போது வசந்த் கிடையாது. வடுவூராரை இருபது பக்கம் படித்துவிட்டு உடனே இதைத் திறந்து பாருங்கள். வாக்கியம் சுருங்கியிருக்கும். பாத்திரங்கள் நாம் பேசுவது போலப் பேசுவார்கள். தமிழ் உரைநடை நாற்பது ஐம்பது வருடத்தில் எவ்வளவு இளைத்து ஓடக் கற்றுக்கொண்டது என்பது அந்த ஒரு சாயங்காலத்திலேயே புரிந்துவிடும்.

மாத நாவல்களுக்கு வந்தால் ராஜேஷ்குமார். கோவையில் இருந்துகொண்டு 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். எதை எடுத்தாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: முதல் அத்தியாயத்தில் ஒரு கதை, இரண்டாவதில் அதற்குத் தொடர்பே இல்லாத இன்னொரு கதை, மூன்றாவதில் மறுபடி முதல் கதை. இரண்டு தண்டவாளமும் எங்கே சேரும் என்பதுதான் நம்மை உட்கார வைக்கிறது. கொலைகாரன் யார் என்பது சில சமயம் இரண்டாம்பட்சம். அவருடைய விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேன்–வைஜயந்தி ஆகிய மூன்று ஜோடிகளில் யாரைப் பிடிக்கும் என்று எங்கள் கூட்டத்தில் கேட்டால் அன்றைக்கு வேறெதுவும் பேச முடியாது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். துப்பறிகிறவர் கண்டெடுத்த தடயத்தை வாசகரிடமும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. நம் மாத நாவல்கள் பல இந்த விஷயத்தில் கையை மூடியே வைத்திருக்கும். கடைசி அத்தியாயத்தில்தான் “நான் ரகசியமா விசாரிச்சேன்” என்று வெளியே வரும். அதனால் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று வருந்த வேண்டாம். பல நேரம் கண்டுபிடிக்க வழியே வைத்திருக்க மாட்டார்கள்.

தமிழில் அறிவியல் புனைகதை என்றாலே சுஜாதாதானா?

தொடங்குவதற்கு அவர்தான். அதிலும் பெங்களூரில் இருந்துகொண்டு அவரைத் தாண்டிப் போக முடியாது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். ஆபீஸ் நேரம் போக எழுதிக் குவித்ததும் இந்த ஊரில் இருந்துதான். ஜாலஹள்ளிப் பக்கம் குடியிருக்கும் எங்கள் ஆட்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் முதல் தேர்வு. எண்பதுகளில் எழுதி, 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக வைத்த கதை. அந்த வருடங்களை நாம் தாண்டிவிட்டோம், ஆகவே எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படிக்கலாம். ஜீனோ என்கிற இயந்திர நாய் படிக்கும், வாதாடும், மனிதர்களைவிடத் தெளிவாகப் பேசும். இப்போது கைப்பேசியில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தப் பகுதிகள் வேறு மாதிரி கேட்கின்றன.

சிறுகதை போதும் என்றால் சுஜாதாவின் விஞ்ஞானச் சிறுகதைகள், ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு. ஜெயமோகன் இயந்திரத்தைவிட நம் தத்துவம், சித்தர் மரபு வழியாக விஞ்ஞானக் கேள்விகளுக்குள் போகிறார். இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் படித்தால் சண்டைக்கு நல்ல தீனி.

சரி, தமிழில் அறிவியல் புனைகதை ஏன் இவ்வளவு குறைவு?

என் ஊகம் இது. கூட்டத்தில் பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை.

நம் வெகுஜனக் கதைகள் வாரப் பத்திரிகையிலும் மாத நாவலிலும் வளர்ந்தவை. மாத நாவல் என்றால் நூறு பக்கச் சொச்சம், பஸ் ஸ்டாண்டில் வாங்கி ஊர் போய்ச் சேருவதற்குள் முடிய வேண்டும். வாரத் தொடர் என்றால் நாலைந்து பக்கத்துக்குள் ஒரு திருப்பம் வைத்துத் ‘தொடரும்’ போட வேண்டும். கொலைக்கதைக்கு இந்தச் சட்டை கச்சிதமாகப் பொருந்தும். பிணம், போலீஸ், சொத்துத் தகராறு எதையும் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. வேறு ஒரு கிரகத்தையோ காலத்தையோ கட்டி எழுப்ப இடம் வேண்டும், அந்த இடம் யாருக்கும் கிடைக்கவில்லை.

சுஜாதா இதை எப்படிச் சமாளித்தார் என்பதை ‘என் இனிய இயந்திரா’வின் தொடக்கத்திலேயே பார்க்கலாம். அந்த நாட்டில் பெயர் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது: நிலா, சிபி, ரவி, ஜீவா. பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அவ்வளவுதான், இந்த இரண்டு சட்டத்திலேயே ஆட்சி எப்படிப்பட்டது என்று புரிந்துவிடுகிறது, பத்துப் பக்க வர்ணனை மிச்சம். உடனே கணவன் காணாமல் போகிறான், மனைவி தேடுகிறாள். அதாவது துப்பறியும் கதையின் முதுகில் ஏறித்தான் அறிவியல் கதை வார இதழுக்குள் நுழைந்திருக்கிறது.

தமிழில் மாயக்கதை எங்கே இருக்கிறது? டிராகன், கோட்டை எல்லாம் கண்ணில் படவில்லையே?

டிராகனைத் தேடினால் கிடைக்காது. ஏழு மலை ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த ராட்சசனைத் தேடுங்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா பல தலைமுறைக்கு இதைத்தான் ஊட்டியது. மாதா மாதம் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்ட வேதாளத்தையும் சேர்த்து. அதைக் குழந்தைகள் பக்கம் ஒதுக்கிவிட்டதால் மாயக்கதை கணக்கில் யாரும் எண்ணுவதில்லை.

இன்னொரு பகுதி ‘இலக்கிய’ அலமாரியில் இருக்கிறது. புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைத் தெருவில் கடவுள் வந்து நிற்கிறார். பிள்ளையோ அவரைத் தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார். ‘காஞ்சனை’யைத் தனியாக இருக்கும்போது ராத்திரி படிக்க வேண்டாம். ‘கபாடபுரம்’ கடலில் மூழ்கிய நகரத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். இவற்றை நாம் மாயக்கதை என்று படித்ததே இல்லை, பாடத்திட்டத்தில் வந்த எழுத்தாளர் என்று படித்தோம். ஆடியில் ஒருமுறை அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். நீளமாக வேண்டும் என்பவர்களுக்கு ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997): இல்லாத ஒரு கோயில் நகரத்தை அடித்தளம் முதல் கோபுரம் வரை கட்டி, அதன் அழிவையும் காட்டும் நாவல்.

பொன்னியின் செல்வன் கணக்கில் வருமா?

சரித்திரக் கதை என்று படித்தால் வராது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்வியோடு படித்தால் வரும். கல்கி அதற்குத் திட்டவட்டமான விடை தராமல் விட்டார்.

ஆனால் உண்மையான துப்பு கல்லில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்பவர்களைப் பெயர் சொல்லி, அவர்களையும் உறவினர்களையும் சார்ந்த சொத்துகளைப் பற்றிப் பேசுகிறது. எதற்காகக் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று அதில் இல்லை. கொலைக்கும் இந்தச் சொத்து நடவடிக்கைக்கும் நடுவே ஏன் ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் ஓடிப்போயிற்று என்பதும் வரலாற்று ஆசிரியர்கள் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம். மாத நாவல்காரர் யாருக்கும் இவ்வளவு நல்ல வழக்கு அமைந்ததில்லை.

காமிக்ஸ் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆங்கிலேயக் கதைதான், ஆனால் நம்மில் பலர் படித்த முதல் அறிவியல் புனைகதை அது. லயன் காமிக்ஸும் வரும்.

ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ படித்தால்?

படியுங்கள், பேசும்போது தமிழில் பேசுங்கள். ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) நமக்கு நெருக்கமானது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் மாதிரியாக வைத்து, மலை உச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதை. 2008இல் சுஜாதா போய் மூன்று வாரத்தில் கிளார்க்கும் போனார். மாயக்கதைக்கு உர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968), மெலிந்த புத்தகம். ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன் மேல் மந்திரம் செல்லும் என்பது அதன் சட்டம். மர்மத்துக்கு அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ராஜர் அக்ராய்ட்’ (1926), அதைப் பற்றி யாரிடமும் எதையும் கேட்காமல் படிக்க வேண்டும்.

கன்னடம் வாசிக்க வருகிறவர்கள் பூர்ணசந்திர தேஜஸ்வியின் ‘கர்வாலோ’வை விட்டுவிடாதீர்கள். காப்பித் தோட்டத்துப் பக்கத்துக் காட்டில் பறக்கும் ஓணானைத் தேடிப் போகிறார்கள். மூன்று வகையில் எதில் சேர்ப்பது என்று எங்களுக்கு இன்னும் முடிவாகவில்லை.

தமிழ் பேச வரும், படிக்க வராது. சேரலாமா?

இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்: வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் ஏற்பாடு உண்டு. சாம்பு கதைகள் சத்தமாக வாசிக்கவே எழுதினாற்போல இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் காமிக்ஸில் தொடங்குங்கள், படம் பாதியைச் சொல்லிவிடும். மாத நாவல் உலகத்தை ஆங்கிலத்தில் எட்டிப் பார்க்க, ப்ரீதம் சக்கரவர்த்தி மொழிபெயர்த்து 2008இல் சென்னையின் ப்ளாஃப்ட் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

தமிழுக்கு அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்து நூலகம். ஆங்கிலத்துக்குச் சர்ச் தெரு: ப்ளாஸம், புக்வர்ம் இரண்டிலும் பழைய புத்தகங்களில் அறிவியல் புனைகதைக்கும் மர்மத்துக்கும் குறைவே இல்லை, முதுகு ஒடிந்திருந்தாலும் பக்கம் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பிரிகேட் ரோட்டுப் பக்கம் செலக்ட் புத்தகக் கடையில் அவசரம் இல்லாத நாளில் நுழையுங்கள். தமிழ் நாவல்களுக்கு இன்னொரு வழி, ஓசூர், சேலம் என்று போய் வருகிற யாரிடமாவது பட்டியலைக் கொடுத்துவிடுவது.

பிடிஎஃப் அனுப்புவீர்களா?

காப்புரிமை தீர்ந்தவற்றை மட்டும். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் நூல் பொதுவுடைமை. வடுவூரார், புதுமைப்பித்தன், தேவன் மூவரும் அந்த வரிசையில் வந்துவிட்டார்கள். மதுரைத் திட்டம் போன்ற இலவசச் சேகரிப்புகளில் தேடிப் பாருங்கள். சுஜாதாவுக்கு 2068 முடிய வேண்டும். குழுவில் சுஜாதா பிடிஎஃப் போட்டால் நீக்கிவிடுவோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முடிவைச் சொல்லிவிட்டால் என்ன தண்டனை?

அன்றைக்கு எல்லோருக்கும் காப்பி உங்கள் செலவு.

இது பழைய வியாதி. வாடகை நூல் நிலையப் புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே ‘கொலைகாரன் டிரைவர்’ என்று பென்சிலால் எழுதி வைக்கும் மகானுபாவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். எங்களில் ஒருவர் அவருடைய அத்தை பைண்டு செய்து வைத்திருந்த ஒரு தொடர்கதையைக் கொண்டுவந்தார். வாரா வாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, காக்கி அட்டை போட்டுத் தைத்தது. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட தைல விளம்பரங்கள், நடுநடுவே ஒரு சினிமா கிசுகிசுவின் வால். அதில் ஓர் அத்தியாயம் இல்லை. அந்த இடத்தில் அத்தை தன் கையெழுத்தில், “இந்த வாரம் பக்கத்து வீட்டு மாமி திருப்பித் தரவில்லை. டாக்டர் பொய் சொல்வது தெரிந்துவிடுகிறது” என்று எழுதி வைத்திருந்தார். அந்த அத்தைக்குத் தண்டனை கிடையாது.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

வரலாம். மாத நாவல் அட்டைப்படங்களைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் உங்கள் பொறுப்பு.

எங்கே, எப்போது கூடுகிறீர்கள்?

ஆடி ஞாயிறு காலைகளில் கப்பன் பார்க்கில். மெட்ரோவில் வந்தால் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குள் வண்டி விடுவதில்லை, காரில் வருகிறவர்கள் வெளியே நிறுத்த இடம் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார ஏதாவது கொண்டுவாருங்கள், புல் ஈரமாக இருக்கும். மழை பிடித்தால் யாராவது ஒருவர் வீட்டுக்கு மாறுவோம், தகவல் காலையிலேயே வந்துவிடும். ஆடிக்கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் அல்சூர், ஸ்ரீராமபுரம் ஆட்கள் தாமதமாகத்தான் வருவார்கள், அதனால் கொலைக்கதைகளைக் கடைசியில் பேசுவது வழக்கம்.